பழைய இடங்களைப் பார்க்கத் தீவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசியில் பக்கத்து வீட்டுத் தம்பி யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் போய்விட்டு வந்தான். வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, கைக்குட்டையை அவிழ்த்து ஆத்தங்குடிக் கல்லின் மேல் பரப்பினான். ஏழு பானை ஓடுகள். “ஆச்சி, இங்க பாருங்களேன். நெடுந்தீவுல சும்மா கெடந்துச்சு. யாரும் கண்டுக்கலை, நான் எடுத்துட்டு வந்துட்டேன்” என்றான். முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது. 1998-இல் இதே தரையில் இதே மாதிரி ஓடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

விடுமுறை விட்டால் தீவு, மேடு, கல்வெட்டு என்று கிளம்புவது எங்கள் வீட்டில் வெகுகாலப் பழக்கம். முதலில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்கள், பிறகு நெடுந்தீவு, நயினாதீவு. இப்போது தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் நிறையப் பேருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. கீழடி நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது, 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு பிள்ளைகள் கூட “அடுத்து எங்கே?” என்று கேட்கிறார்கள். நல்லது, கிளம்புங்கள். பாஸ்போர்ட், தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்துவிட்டுப் பட்டதையும், புதிதாகக் கிளம்புகிறவர்கள் திரும்பவும் செய்வதையும் மட்டும் சொல்கிறேன்.

லீவைப் பார்த்து நாள் குறிப்பது

தீபாவளி லீவோடு இரண்டு நாள் சேர்த்தால் ஒரு வாரம் கிடைக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணை நம் சொல் கேட்காது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே பருவமழைக்காக நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. ஆனி, ஆடியில் மழை இருக்காது, ஆனால் தென்மேற்குக் காற்று படகைத் தூக்கிப் போடும். தை முடிந்து பங்குனி வரை கடல் படிந்திருக்கும். பிள்ளைகளின் பரீட்சை அந்த நேரத்தில்தான் வருகிறது என்பது தெரியும். அப்படியானால் முழுப் பரீட்சை முடிந்த கையோடு, சித்திரை முதல் வாரத்திலாவது போய்விடுங்கள்.

தீவிலிருந்து திரும்பும் நாளும் ஊருக்குத் திரும்பும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. நடுவில் ஒரு நாள் சும்மா விடுங்கள்.

வளவை மறந்துவிட்டுக் கிளம்புவது

இதை ஊர்சுற்றும் விஷயத்தில் ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது. நம் செட்டிநாட்டு வீடுகளில் நாலு பக்க ஓட்டுச் சாய்ப்பிலும் விழுகிற மழை முழுக்க, நடுவில் திறந்திருக்கும் வளவு முற்றத்தில்தான் இறங்கும். அது வெளியேற மூலையில் இருப்பது ஒரே ஒரு துவாரம். ஒரு கார்த்திகையில் அதைக் குத்திவிடாமல் நாங்கள் நாலு நாள் வெளியூர் போனோம். வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறி உள்வீட்டுக்குள் போயிருக்கிறது. சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிவந்து, வேட்டியை வரிந்து கட்டிய இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, அலமாரிச் சாமான்களை எல்லாம் தூக்கி, உயரத் திண்ணையான பட்டாலையில் வைத்தார்கள். அவர்கள் செய்ததற்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நான் திரும்பி வந்து பார்த்தபோது பட்டாலையில் ஒரே குவியல். பித்தளையிலும் வெண்கலத்திலும் விலாசம், அதாவது உடையவர் பெயர், வெட்டியிருந்ததால் அவை தாமே பேசின: இது அப்பத்தாவுடையது, இது ஆயா வீட்டிலிருந்து வந்தது. விலாசம் வெட்டாத மரவைகள் (மரப் பாத்திரங்கள்), தடுக்குகள், எனாமல் வாளிகள்? ஒன்றும் தெரியவில்லை. ஆத்தா இருந்தவரை கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள்: “தெக்கால உள்வீடு, கீழ்த்தட்டு, வலது ஓரம். அது உங்க அப்பத்தா கொண்டாந்த சீரு.” சாமானைப் பார்த்து அவர்கள் அதைச் சொல்லவில்லை, அது இருந்த தட்டை வைத்துத்தான் சொன்னார்கள். தட்டை விட்டு வெளியே வந்ததும் அந்த மரவை வெறும் மரவையாகிவிட்டது. மண்ணில் கிடக்கும் ஓடும் அப்படித்தான்.

கீழே கிடப்பதைக் கையில் எடுப்பது

இனி அந்த ஓட்டுக் கதைக்கு வருகிறேன்.

1998-இல் அழகன்குளம் போனோம். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் ஊர். ரோமானிய நாணயங்களும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்த துறைமுகம். தோண்டிய குழிகளை அப்போதே மூடியிருந்தார்கள். தென்னந்தோப்பு ஓரமாக நடந்தபோது காலில் ஒரு ஓடு தட்டியது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கழுத்துக்குக் கீழே மூன்று கீறல், அதை ஒட்டி நாலாவதாக ஒன்று வளைந்திருந்தது. எழுத்தா, குறியீடா, ஏர்க்கொழு பட்ட தழும்பா என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். அடுத்த நாள் பெரியபட்டினத்தில் பொறுக்கிய பீங்கான் துண்டுகளையும் அதே முடிச்சில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

ஒரு வாரம் கழித்து டப்பாவைத் திறந்தால் ஓடுகள் பளபளவென்று இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விளக்கு விளக்கும்போது ஆத்தா அவற்றையும் சேர்த்துப் புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். “மண்ணா இருந்துச்சு ஆத்தா, சுத்தம் பண்ணி வச்சேன்” என்று பிரியமாகச் சொன்னார்கள். அவர்களை என்ன சொல்ல முடியும்? வீட்டுக்குள் கொண்டு வந்தவள் நான்.

பத்து வருடம் போயிருக்கும். வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பேராசிரியர் ஒருவரிடம் பெருமையாக அந்த ஓட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் வைத்து, கீறலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “எந்த மேடு? தோப்புக்கு எந்தப் பக்கம்? மேலாகக் கிடந்ததா, பள்ளம் வெட்டிய மண்ணோடு வந்ததா? பக்கத்தில் வேறு என்ன இருந்தது?” ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. கீறலின் உள்ளே பழைய மண்ணும் கறையும் இருந்திருந்தால் அது சுடுவதற்கு முன் கீறியதா, பின்னால் கீறியதா, நேற்று உழுததில் பட்டதா என்று பார்த்திருக்கலாமாம். நார் போட்டுத் தேய்த்ததில் கீறலின் விளிம்பெல்லாம் மழுங்கிப் புதுசு மாதிரி ஆகிவிட்டது. “நல்ல ஓடுதான் அம்மா. ஆனால் இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது” என்று என் உள்ளங்கையில் திரும்ப வைத்தார். அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

ஏன் அவ்வளவு கேட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித் துண்டு கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று ஆய்வு சொன்னது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205. ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் 375 வருடம் படுத்திருக்கிறது. ஒரு சாண் மாற்றிச் சொன்னாலே ஒரு தலைமுறை பிசகும். அங்கே கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பெயர் கீறியிருக்கிறது. நாம் பாத்திரத்தில் விலாசம் வெட்டுகிறோமே, அதே வேலைதான். எந்த அடுக்கு என்று தெரிந்திருப்பதால்தான் ஆதன் எந்தக் காலத்து ஆள் என்று சொல்ல முடிகிறது. என் அழகன்குளத்து ஓட்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஆள் தொலைந்து போனார், தொலைத்தது நான்.

யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டை முத்திரை இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தார் தோண்டிய ஈமக்குழியில், எலும்புக்கூட்டோடு கிடைத்தது. ஒரு வரியில் குறியீடுகள், இன்னொரு வரியில் பிராமி எழுத்து. விரல் நுனி அளவு பொருள். யாராவது அதை வழியில் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டிருந்தால் ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்திருக்கும். புதைத்தவரோடு கிடந்ததால் அது ஒரு மனிதரின் முத்திரை ஆயிற்று.

கழுவுவதைப் பற்றி இன்னொன்று. பானைச் சுவரின் நுண்துளைகளில் ஊறிய கொழுப்பை வைத்து அதில் என்ன சமைத்தார்கள் என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டின் அடுப்படி அதற்குள் இருக்கிறது. நாம் பாத்திரம் விளக்குகிற மாதிரி விளக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் 1940-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம், இங்கே 1972-ஆம் வருடச் சட்டம். அனுமதி இல்லாமல் பழம்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது இரண்டு பக்கமும் குற்றம். ஆனால் பிடிபடுவோம் என்ற பயத்துக்காக எடுக்காமல் இருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த இடத்துக்காக எடுக்காமல் இருங்கள்.

அப்படியானால் பார்த்தால் என்ன செய்வது? தொடாமல், கிடந்தபடியே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்து ஒரு படம், பின்னால் பத்தடி தள்ளி நின்று மரமோ கிணறோ தெரியும்படி இன்னொரு படம். போனில் இடக்குறிப்பு பதிவாகிறதா என்று கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்தப் பகுதித் தொல்லியல் அலுவலகத்துக்குப் படத்தை அனுப்புங்கள். ஓடு அங்கேயே இருக்கட்டும்.

ஒரே நாளில் இரண்டு தீவு

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு பக்கம்தான், நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்கிறவர்கள் இரண்டையும் பார்த்திருக்க மாட்டார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே படகைப் பிடிக்க ஓடுகிறார்கள். அங்கே 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. கடல் கடந்து கொண்டுவிற்ற ஐயாக்களின் பிள்ளைகள் நாம். அந்தக் கல்லின் முன்னால் கால் மணி நேரம் நிற்காமல் வந்தால் எனக்குத் தாங்காது.

நெடுந்தீவில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேளுங்கள்.

வேலிச் சுவரில் ஏறி நிற்பது

நெடுந்தீவில் வீட்டு வேலியெல்லாம் சாந்து இல்லாமல் அடுக்கிய பவளக்கல். ஏறினால் சரியும்.

நெடுந்தீவின் பெருக்க (பாவோபாப்) மரத்தில் பெயர் வெட்டுவது

வேண்டாம்.

மன்னார் வளைகுடாவில் மீன்படகு பிடித்து இறங்குவது

21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுத் தம்பியைத் திட்டவில்லை. அன்றைக்கே உட்காரவைத்து அவன் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு படத்தில் அவன் தங்கை கோட்டைச் சுவர் ஓரம் நிற்கிறாள், காலடியில் ஒரு ஓட்டின் விளிம்பு தெரிகிறது. இன்னொன்றில் கிணற்றடி. இப்படித் தேடி மூன்று ஓடுகளுக்கு இடம் கிடைத்தது. தனித்தனிக் காகித உறையில் போட்டு, தேதி, இடம், பக்கத்தில் இருந்த அடையாளம் எல்லாம் அவன் கையாலேயே எழுதவைத்தேன். யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு அங்குள்ள தொல்லியல் துறைக்கு எழுதியிருக்கிறான். மீதி நாலும் எந்தக் கரையில் எடுத்தவை என்று அவனுக்கே நினைவில்லை. மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாலையும் ஒரே உறையில் போட்டு, மேலே “நெடுந்தீவு, இடம் தெரியாது” என்று எழுதினான்.