டி.என்.ஏ. இரட்டிப்பாதல்: பெயர்கள் சரி, வேலைகள்தான் தப்பு

செல் பிரியும் முன் அதன் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுவதுதான் இரட்டிப்பாதல். அதைப் பற்றி எழுதச் சொன்னால் நொதிகளின் பெயர்களை யாரும் தவறவிடுவதில்லை. ஹெலிகேஸ், பிரைமேஸ், பாலிமெரேஸ், லைகேஸ் என்று வரிசை பிசகாமல் வந்துவிடும். இத்தனை நொதிகள் எதற்கு, ஒன்றே போதாதா என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும். பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள், அந்தப் பட்டியல் உருவாகக் காரணமான விதியைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

விதி சின்னதுதான். டி.என்.ஏ. இழை ஒவ்வொன்றுக்கும் 5', 3' என்று இரு முனைகள் உண்டு. புதிய இழையைக் கட்டும் டி.என்.ஏ. பாலிமெரேஸ், ஏற்கெனவே இருக்கும் ஒரு இழையின் 3' முனையில் மட்டுமே புதிய நியூக்ளியோடைடை, அதாவது இழையின் கட்டுமான அலகைச் சேர்க்கும். நகலெடுக்க வேண்டிய பழைய இழையை (வார்ப்பு இழை) மட்டும் கொடுத்தால் தானாகத் தொடங்காது. 5' முனையில் சேர்க்கவும் தெரியாது. பெரும்பாலான குழப்பங்கள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

தொடங்கத் தெரியாது என்பதால்தான் பிரைமேஸ் தேவைப்படுகிறது. அது சுமார் 10 நியூக்ளியோடைடு நீளத்துக்கு ஒரு தொடக்கத் துண்டை, அதாவது பிரைமரைப் போட்டுத் தரும். அந்த பிரைமர் ஆர்.என்.ஏ.; அதை டி.என்.ஏ. என்று எழுதுபவர்கள் அதிகம். டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையில் நாம் போடுவது டி.என்.ஏ. பிரைமர் என்பதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். செல்லுக்குள் நடப்பது வேறு.

அடுத்து திசை. ‘ஒரு புதிய இழை 5' இலிருந்து 3' நோக்கியும், மற்றொன்று 3' இலிருந்து 5' நோக்கியும் வளர்கிறது’ என்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இரு பழைய இழைகளும் பிரியும் இடமான கவட்டை ஒரே பக்கமாக நகர்கிறது, வார்ப்பு இழைகளோ எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. அப்படியானால் புதிய இழைகளும் எதிரெதிராகத்தானே வளர வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இரண்டுமே 5' இலிருந்து 3' நோக்கித்தான் வளர்கின்றன. பாலிமெரேஸ் வார்ப்பைப் படிப்பது 3' இலிருந்து 5', எழுதுவது 5' இலிருந்து 3'. படிப்பதையும் எழுதுவதையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, மறுபக்கமும் எழுதத் தெரிந்த ஒரு பாலிமெரேஸ் இருந்தால் வேலை சுலபமாகுமே? பிழை திருத்தம் அதற்கு இடம் தராது. இப்போதைய முறையில், சேர்வதற்கான ஆற்றல் உள்ளே வரும் நியூக்ளியோடைடின் மூன்று பாஸ்பேட்டுகளிலிருந்து கிடைக்கிறது. தவறானது சேர்ந்துவிட்டால் பாலிமெரேஸ் அதை வெட்டி எறியும். அடுத்து வருவது தன் ஆற்றலைத் தானே கொண்டுவரும். இழை 5' முனையில் வளர்வதாக இருந்தால் அந்த மூன்று பாஸ்பேட்டுகளும் வளரும் முனையில் இருக்க வேண்டும். தவறானதை வெட்டும்போது அவையும் போய்விடும், இழை அங்கேயே முடங்கும்.

ஆகவே கவட்டை நகரும் திசையிலேயே வளரும் இழை தொடர்ச்சியாக வளர, மற்றொன்று துண்டு துண்டாகத்தான் உருவாக முடியும். ரெய்ஜி ஒகசாகியும் சுனேகோ ஒகசாகியும் 1960களில் கண்டறிந்த துண்டுகள் இவைதான். பாக்டீரியாவில் ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,000 நியூக்ளியோடைடு. நம் செல்களில் 100 முதல் 200 தான். துண்டுகளாக உருவாகும் இந்த இழைக்குரிய ‘பின்தங்கும் இழை’ என்ற பெயரைப் பார்த்து, முதல் இழை முடிந்த பிறகு இது தொடங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு பக்கத்துப் பாலிமெரேஸ்களும் ஒரே கூட்டமைப்பில் பிணைந்து சேர்ந்தே நகர்கின்றன. பின்தங்கும் இழைக்கான வார்ப்பு வளையமாக மடிந்து கொடுக்கிறது.

துண்டுகளை ஒட்டும் லைகேஸின் தலையில் இல்லாத வேலைகளையும் கட்டிவிடுகிறார்கள். அது பிரைமரை அகற்றாது, இடைவெளியை நிரப்பாது, காரங்களை ஜோடி சேர்க்காது. ஈ. கோலை பாக்டீரியாவில் பிரைமரை எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்புவது பாலிமெரேஸ் 1. கடைசியில் சர்க்கரை-பாஸ்பேட் முதுகெலும்பில் மிஞ்சும் ஒரே ஒரு வெட்டை மூடுவது மட்டும்தான் லைகேஸின் பங்கு. ஆர்தர் கோர்ன்பெர்க் 1956 இல் கண்டறிந்த இந்தப் பாலிமெரேஸ் 1 தான் முழு நகலையும் எடுக்கிறது என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே நினைத்தார்கள். அந்த நொதி வேலை செய்யாத பாக்டீரியாவும் பெருகுவது 1969 இல் தெரியவந்த பிறகுதான், முக்கிய ஆள் பாலிமெரேஸ் 3 என்பது பிற்பாடு புரிந்தது.

ஹெலிகேஸ் டி.என்.ஏ.வை ‘வெட்டுகிறது’ என்பதும் தப்பு. அது இரு இழைகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் முதுகெலும்பை வெட்டி மறுபடி ஒட்டுவது டோபோஐசோமெரேஸ். ஈ. கோலையில் கவட்டை விநாடிக்குச் சுமார் 1,000 நியூக்ளியோடைடு வேகத்தில் ஓடுகிறது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளில் ஒரு முறுக்குக்குப் பத்துச் சொச்சம் ஜோடிகள் என்று வைத்தால், முன்னால் இருக்கும் பகுதி நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 சுற்று பிரிந்தாக வேண்டும். முறுக்கை விடுவிக்க ஆளில்லை என்றால் கவட்டை நின்றுவிடும். பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்யும் கைரேஸ் நொதியைக் குறிவைக்கும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்துதான் சிப்ரோஃபிளாக்சசின்.

இரட்டிப்பானபின் கிடைக்கும் டி.என்.ஏ. பாதி பழையது, பாதி புதியது என்று பாடத்தில் சொல்வதை, பழைய டி.என்.ஏ. ஒரு செல்லுக்கும் புதியது மற்றதற்கும் போகிறது என்று புரிந்துகொள்பவர்களும் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு பழைய இழை, ஒரு புதிய இழை. மெசல்சனும் ஸ்டாலும் 1958 இல் கனமான நைட்ரஜன்-15 கொண்டு காட்டியது இதைத்தான். அதேபோல, நகலெடுப்பு முடிந்ததும் மனித செல்லில் 92 குரோமோசோம்கள் ஆகிவிடுவதில்லை. டி.என்.ஏ. அளவு இரட்டிக்கிறது, ஆனால் ஒவ்வொரு குரோமோசோமின் இரு நகல்களும் சென்ட்ரோமியர் என்ற இணைப்பிடத்தில் இணைந்தே இருப்பதால் எண்ணிக்கை 46 தான்.

கடைசியாக டெலோமியர், அதாவது குரோமோசோமின் நுனிப் பகுதி. குரோமோசோமின் நுனி தேய்வதைப் பாலிமெரேஸின் பிழை என்று எழுதுகிறார்கள். பிழை எதுவும் இல்லை, விதியின் விளைவுதான். பின்தங்கும் இழையின் நுனியில் பிரைமர் அகன்ற பிறகு, அந்த இடத்தை நிரப்பப் பாலிமெரேஸுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு 3' முனை கிடையாது. வட்டமான டி.என்.ஏ. கொண்ட பாக்டீரியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் 1984 இல் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் கண்டறிந்த டெலோமெரேஸ், தன் வார்ப்பைத் தன்னுள்ளேயே ஆர்.என்.ஏ.வாக வைத்துக்கொண்டு நுனியை நீட்டுகிறது. அதுவும் சேர்ப்பது 3' முனையில்தான்.