அலாட்மென்ட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு நாள்: உயிரினங்களைப் பார்க்க என்ன ஏற்பாடு தேவை

இங்கிலாந்தில் காய்கறி பயிரிட வாடகைக்குக் கிடைக்கும் அலாட்மென்ட் பாத்திகளையும் பக்கத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தையும் ஊராரோடு சுற்றிப் பார்க்க ஜூன் மாதம் நல்லது. வேலை ஏப்ரலிலேயே தொடங்கவேண்டும். அரை மீட்டர் சதுரத் தகரங்களை வெயில் விழும் புல்லோரத்தில் போட்டுவையுங்கள். ஸ்லோ வோர்ம் என்னும் காலில்லாப் பல்லி அதனடியில் குடியேற வாரங்கள் ஆகும்; முதல் நாள் போட்ட தகரத்தை நம்பாதீர்கள். காலையிலேயே தூக்கிப் பாருங்கள், தகரம் சுட்டால் அது போய்விடும். கையில் எடுக்கவே வேண்டாம். பயந்தால் வாலை உதறிவிடும், முளைக்கும் வால் குட்டையாகவே இருக்கும். அது விலகிய பிறகே தகரத்தை இறக்குங்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வதும் காயப்படுத்துவதும் குற்றம்.

அந்துப்பூச்சிக்கு முந்தின இரவே விளக்குப்பொறி (வெளிச்சத்தால் ஈர்த்துப் பிடிக்கும் பெட்டி) வையுங்கள், உள்ளே முட்டை வைக்கும் அட்டைத் தட்டுகளை அடுக்கி. விடிந்ததும் நிழலான மறைவிடத்துக்கு மாற்றாவிட்டால் ராபின் குருவிகள் பூச்சிகளைக் கொத்தித் தின்றுவிடும். அட்டையின் குழிக்குள் ரோஜா நிறமும் ஆலிவ் பச்சையுமாக எலிபன்ட் ஹாக் மாத் என்னும் அந்துப்பூச்சி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தால் குழந்தைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கல்லறைக் கற்களில் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருப்பது லைக்கன். நாம் குழம்பில் போடும் கல்பாசியின் இனம். மிக மெதுவாக வளர்வது, தேய்க்க விடாதீர்கள். லென்ஸ் போதும். சாய்ந்த கற்களில் யாரும் கைவைக்கக்கூடாது.

புல்லை ஜூலை கடைசிவரை விட்டுவைத்து வெட்டுங்கள். வெட்டியதை வாரி அப்புறப்படுத்துங்கள். மட்கினால் மண் கொழுத்து, முரட்டுப்புல் பூக்களை அமுக்கிவிடும்.