மனநல வார்டில் பிள்ளைக்குத் துணையாகத் தங்கப் போகிறவர்களுக்கு

பையன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் மொட்டை மாடியில் நடக்கிறான், யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான், அம்மாவிடமே கையை ஓங்குகிறான். டாக்டர் வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார். கூடவே கஞ்சாவும் இருக்கிறது. அக்கா மகனுக்காக 21 நாள் அப்படி ஒரு வார்டில் பாய் போட்டுப் படுத்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கூடத் தங்குவது வேலூர்க்காரர்களுக்குப் புதுசு இல்லை. பாகாயத்தில் 1957ல் தொடங்கிய சிஎம்சி மனநல மையத்தில் வீட்டு ஆளும் தங்கித்தான் வைத்தியம் என்பது பல காலத்து வழக்கம். (நாங்கள் இருந்தது வேறு இடம்.) 2017 மனநலச் சட்டப்படி 18 வயசு ஆகாதவர்களைச் சேர்க்க பெற்றோரோ கார்டியனோ விண்ணப்பம் தரவேண்டும், மருத்துவத் துறை ஆட்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொள்ளவேண்டும், அதில் ஒருவராவது மனநல டாக்டர். பெரியவர்கள் வார்டில் போடக்கூடாது. துணை ஆள் முழு நேரமும் கூட இருக்கவேண்டும், பெண் பிள்ளை என்றால் பெண் துணை. அதனால் யார் தங்குவது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். திட்டாமல் இருக்கத் தெரிந்தவர்தான் வேண்டும், அப்பாதான் என்று கட்டாயமில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சேர்க்கும் அன்று டாக்டர் கேட்டபோது அக்கா, "பழக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல சார், சேர்க்கைதான் சரியில்ல" என்றாள். எனக்கு எல்லாம் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னோம். அப்படிச் செய்யாதீர்கள். யூரின் டெஸ்ட் கண்டுபிடித்துவிடும் என்று நினைப்போம். கஞ்சா அதில் தெரியும், தினமும் இழுத்தவனுக்கு ஒரு மாசம் வரைகூட. ஆனால் பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் முகர்ந்தது வழக்கமான டெஸ்டில் வராது, டேபென்டடால் மாதிரி வலி மாத்திரையும் பல டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பிடிபடாது. தோல், ஷூ வேலை நடக்கிற ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பசை வாசனை வீட்டுக்குள்ளேயே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. குடியோ தூக்க மாத்திரையோ தினமும் எடுத்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஆகவே அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். படுக்கைக்கு அடியில், பேன்ட் பாக்கெட்டில் கிடைத்த காலி அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். போலீஸ் பயம் வேண்டாம். தானாக முன்வந்து வைத்தியம் எடுப்பவருக்கு, சொந்த உபயோக வழக்கிலிருந்து விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது.

அப்புறம் டாக்டர் பையனோடு தனியாகப் பேசவேண்டும் என்பார். எழுந்து வெளியே போங்கள். வந்ததும் "என்னடா கேட்டாங்க" என்று குடையாதீர்கள்.

கஞ்சாவை நிறுத்தின ஒன்றிரண்டு நாளிலேயே எரிச்சல் ஆரம்பிக்கும், முதல் வாரம்தான் மோசம். தூக்கம் வராது, வந்தால் பயங்கரக் கனவு, சாப்பாடு இறங்காது. எங்கள் பையன் நாலு நாள் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் குவித்து வைத்தான், ஒரு வாய் போகவில்லை. ஆறாம் நாள், "மாமா, இன்னொண்ணு கிடைக்குமா?" என்றான். நான் கேன்டீனுக்கு ஓடினேன், செருப்புக்கூடப் போடவில்லை.

ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில் அடக்கும் புகையிலையை யாரும் போதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் நிக்கோடின்தான், நின்றால் அதுவும் கோபம்தான். ஒரு நாள் துண்டை உதறினேன், ஓரத்து மடிப்பைப் பிரித்துத் தைத்த இடத்திலிருந்து சின்னப் பொட்டலம் விழுந்தது. வந்து பார்த்த சேக்காளி கொடுத்தது. கத்தலாம் போல இருந்தது, கத்தவில்லை, சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் டாக்டரிடம் சொல்லி நிக்கோடினுக்கென்றே ஏதாவது தரலாமா என்று கேட்டார், அதுதான் சரியான வழி. பார்க்க வருகிறவர்கள் யார் யார் என்று முதல் நாளே ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

"இது கஞ்சாவால வந்ததா, இல்ல வியாதியேவா?" என்று தினமும் கேட்பீர்கள். முதல் வாரத்தில் பதில் கிடைக்காது. போதை இல்லாமல் சில வாரம் பார்த்தால்தான் தெரியும், மாசம் தாண்டியும் காதில் குரல் கேட்டால் கஞ்சா மட்டும் காரணமாக இருக்காது. மனச்சோர்வு, சின்ன வயசிலிருந்தே இருந்த ஏடிஎச்டி (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பது) எல்லாம் பின்னால் ஒளிந்திருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் மருந்து. நாலு நாளில் தெளிந்துவிட்டான் என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அந்தத் தப்பைச் செய்யும் குடும்பத்தைப் பக்கத்துக் கட்டிலிலேயே பார்த்தேன்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் ரிவியூ தேதியை ஃபைலில் எழுதி வாங்குங்கள். வலி மாத்திரை, ஊசி எடுத்தவன் என்றால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: சில வாரம் நின்ற உடம்பு பழைய அளவைத் தாங்காது, வெளியே வந்து அதே அளவு போட்டால் மூச்சே நின்றுபோகலாம். பையனுக்கும் இதை நேராகச் சொல்லவேண்டும், பயமுறுத்தலாக இல்லாமல். மாத்திரை டப்பா உங்கள் அலமாரியில், பூட்டுப் போட்டு. நடு ராத்திரியில் கை உதறினால் 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்), போதைக்கென்றே 14446. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள், பையன் போனிலும்தான்.

எங்கள் வீட்டில் மூணாவது ரிவியூ அடுத்த செவ்வாய். காட்பாடி பஸ்ஸில் ஜன்னல் சீட் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவிட்டான்.