கரியமில வாயுவைப் பிடிக்க எந்த அமீன்? நைட்ரஜனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

அமீன் என்பது நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மம்; அதை நீரில் கரைத்து வாயுவைப் பிடிக்கிறோம். முதலில் அதன் மூலக்கூறு வரைபடத்தில் நைட்ரஜனோடு எத்தனை ஹைட்ரஜன் இருக்கிறது என்று எண்ணுங்கள். கரைசலின் போக்கில் பெரும்பகுதி அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு இருந்தால், எம்.இ.ஏ. (மோனோ எத்தனால் அமீன்) போல, வேகமாகப் பிடிக்கும். அனல்மின் நிலையப் புகை போன்ற குறைந்த அழுத்த வாயுவுக்கு இதுதான் வழக்கம். ஆனால் வாயு நைட்ரஜனோடு நேரடியாக இணைந்து கார்பமேட் என்ற சேர்மம் உருவாவதால் ஒரு மோல் வாயுவுக்கு இரண்டு மோல் அமீன் செலவாகும். 300 கிராம் எம்.இ.ஏ.வை 700 கிராம் நீரில் கலந்தால் சுமார் 4.9 மோல் அமீன். ஏற்றம் (ஒரு மோல் அமீன் பிடித்திருக்கும் வாயு மோல்) 0.2இல் தொடங்கி 0.5இல் முடிந்தால், ஒரு சுற்றில் கிடைப்பது ஏறத்தாழ 65 கிராம் வாயுதான். ஏற்றம் 0இல் தொடங்குவதாகக் கணக்கிட்டால் காகிதத்தில் வரும் 108 கிராமை நம்பி உறிஞ்சும் கோபுரம் வடிவமைக்காதீர்கள்.

நைட்ரஜனில் ஹைட்ரஜனே இல்லாத எம்.டி.இ.ஏ. (மெத்தில் டைஎத்தனால் அமீன்) கார்பமேட் தராது; பைகார்பனேட் வழியாக மோலுக்கு மோல் வரை பிடிக்கும், சூடாக்கி வாயுவை வெளியேற்றி அமீனை மீட்க வெப்பமும் குறைவு. குறை, மந்தம். 400 கிராம் எம்.டி.இ.ஏ., 50 கிராம் பிப்பரசின் (வேகமாக வினைபுரியும் வளைய அமீன்), 550 கிராம் நீர் என்று கலந்தால் வேகம் கூடும். பிப்பரசின் அளவை வெகுவாகக் கூட்டினால் குளிரில் படிகம் கட்டிக் குழாய் அடைக்கும்.

ஏ.எம்.பி.யில் (அமினோ மெத்தில் புரோப்பனால்) ஹைட்ரஜன் இரண்டுதான்; ஆனாலும் அதன் போக்கு இடைப்பட்டது. நைட்ரஜனை ஒட்டிய கார்பனில் இரண்டு மெத்தில் தொகுதிகள் நெருக்குவதால் கார்பமேட் நிலைக்காது.

உறிஞ்சுவதைச் சுமார் 40 டிகிரியில் நடத்துங்கள். மீட்கும்போது எம்.இ.ஏ.வை 120 டிகிரி செல்சியசுக்கு மேல் விடாதீர்கள்: கார்பமேட் வளையமாக மூடி, அடுத்த அமீனோடு சேர்ந்து வீணாகும். புகையில் கந்தக டை ஆக்சைடு மிஞ்சினால் எந்த அமீனும் மீட்க முடியாத உப்பாகும். அதை முன்பே கழுவி நீக்குங்கள்.