கூட்டத்தில் எல்லோரும் பேச வேண்டுமா? பாயை வட்டமாக விரியுங்கள்

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பேசுவார். நாங்கள் நின்று கேட்போம். தோட்டத்தை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் மேடையில் நான்கு பேர், சுவரோரம் பெண்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். உண்மையான கருத்தோ மறுநாள் சந்தையில்தான் வெளிவரும். அதனால்தான் நான் கூட்டம் நடத்தும்போது முதலில் மேடையை விட்டு இறங்கி, பாயை வட்டமாக விரிக்கிறேன்.

இரவுச் சமையல் முடியும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். கேள்வியையும் திறந்தே வையுங்கள். "மாலை வகுப்பு வேண்டுமா?" என்றால் தலையாட்டல்தான் கிடைக்கும். "எங்கே, எத்தனை மணிக்கு வைக்கலாம்?" என்று கேளுங்கள். உடனே பதில் வாங்காமல், பக்கத்தில் இருப்பவருடன் ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கூட ஒருவரிடம் பேசிவிடுவார். பிறகு வட்டமாக ஒவ்வொருவரும் சொல்லட்டும்; தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

யோசனைகள் பலவாக இருந்தால் ஆளுக்கு மூன்று ரப்பர்க் கொட்டைகள் கொடுங்கள். யோசனைக்கு ஒரு டின் வைத்து, விருப்பம்போல் போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மூன்று, தலைவருக்கும் மூன்று. இது நமக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க்காரர், மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது. பங்கு எவ்வளவு இருந்தாலும் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்பதுதான் கூட்டுறவின் அடிப்படை.

அதிகக் கொட்டை விழுந்ததையே முடிவென்று அறிவித்துவிடாதீர்கள். எல்லோரையும் கை காட்டச் சொல்லுங்கள்: ஐந்து விரல் முழுச் சம்மதம், மூன்று என்றால் ஒத்துப்போகிறேன், மூடிய கை என்றால் ஏற்க முடியாது. மூடிய கையைக் கண்டு பலர் பதறுகிறார்கள். எனக்கு அதுதான் கூட்டத்தின் முக்கியமான நேரம். ஒருமுறை இரவு எட்டு மணி வகுப்புக்கு எல்லோரும் விரல் காட்ட, எதிர்வீட்டு அக்கா மட்டும் கையை மூடியிருந்தார். "என்ன மாற்றினால் உங்களுக்குச் சரிப்படும்?" என்று கேட்டேன். மண்டபத்துக்கு வரும் குறுக்குச் சந்தில் விளக்கு இல்லை, மகளைத் தனியாக அனுப்ப முடியாது என்றார். நாங்கள் யாரும் அதை நினைக்கவே இல்லை. வகுப்பை மாலை ஐந்துக்கு மாற்றினோம். அவரும் நான்கு விரல் காட்டினார்.

கலைவதற்கு முன், யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதி உரக்க வாசியுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள்.