பங்கு விலைய ஷீட்லயே தானா வர வைக்கலாம்

தினமும் ஒவ்வொரு பங்கு விலையா பாத்து டைப் பண்ணாதீங்க, கூகுள் ஷீட்ஸ்ல ஈக்வல் போட்டு கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா (இங்கிலீஷ்ல, நடுவுல இடைவெளி இல்லாம) அடிச்சு, அடைப்புக்குள்ள மேற்கோள் குறியோட என்எஸ்இ (தேசிய பங்குச் சந்தையோட சுருக்கம்), ஒரு கோலன், பங்கோட சிம்பல் (சந்தையில அந்தப் பங்குக்கு இருக்குற சுருக்கப் பேரு) எல்லாம் இங்கிலீஷ்ல குடுத்தா போதும், விலை வந்துரும்.

சிம்பல தனி காலம்ல வச்சுட்டு ஃபார்முலால அந்த செல்ல ஆம்பர்சேண்ட் (& குறி) போட்டு சேத்துட்டா இன்னும் நல்லது, ஒரு தடவ எழுதி கீழ இழுத்து விட்டா 30 பங்கு இருந்தாலும் அதுவே போதும், பக்கத்துலயே வாங்குன விலையும் எண்ணிக்கையும் வச்சு ஒரு ஃபார்முலா போட்டுட்டா லாப நஷ்டம் தானா கணக்காகும். கூகுளே விலைய அப்பப்ப புதுப்பிக்கிறதால நீங்க எதுவும் தொட வேண்டாம். 52 வார உச்சம் வேணும்னா சிம்பலோட மேற்கோள் குறிய முடிச்சுட்டு, கமா போட்டு, தனி மேற்கோள் குறிக்குள்ள ஹை52னு (இங்கிலீஷ்ல) சேருங்க.

ஆனா விலை 20 நிமிஷம் வரைக்கும் லேட்டா வரலாம், அதனால இன்ட்ராடே (அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கிறது) பண்றவங்க தயவுசெஞ்சு இத நம்பி ஆர்டர் போடாதீங்க. போனஸ் (கம்பெனி இலவசமா குடுக்குற பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்க பலதா பிரிக்கிறது) வந்தா எண்ணிக்கையையும் வாங்குன விலையையும் நீங்கதான் மாத்தணும். எக்செல்ல இந்த ஃபார்முலா ஓடாது.