மராக்கஸ் பீச்சுக்குக் குடும்பத்தோடு போனால்: காலி இடம் தேடாதீர்கள்

கரீபியன் தீவான திரினிடாடில் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பாதிப் பேர் மராக்கஸ் கடற்கரையில்தான் கிடப்பார்கள். கார்னிவல் திருவிழா முடிந்த மறுநாள், சாம்பல் புதன் அன்று கேட்கவே வேண்டாம். குடும்பத்தோடு வருகிற புதியவர்கள் இந்தக் கூட்டத்தைக் கண்டதும், ஆளில்லாத மூலையாகப் பார்த்து ஒதுங்குவார்கள். பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. இவ்வளவு கூட்டத்திலும் ஓரிடம் காலியாகக் கிடக்கிறதென்றால் உள்ளூர்க்காரர்கள் அதைச் சும்மா விட்டுவைக்கவில்லை.

முதலில் தண்ணீர். அலை வரிசையாக வந்து உடைகிற இடத்தில் எல்லோரும் குளிப்பார்கள். சற்றுத் தள்ளி, அலையே உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாக ஒரு சந்து தெரியும். குழந்தைகளுக்கு இதுதான் தோது என்று தோன்றும். அது ரிப் கரண்ட். கரையேறிய அலைநீர் கடலுக்குத் திரும்பும் வழி. அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருப்பதால்தான் அலை உடைவதில்லை. தண்ணீரில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்: நுரையும் கலங்கல் மணலும் கடலை நோக்கி நகர்ந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வேகம் வழக்கமாக நொடிக்கு 1 முதல் 2 அடி. சில சமயம் 8 அடி வரை போகும். அந்த வேகத்தை ஒலிம்பிக் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது.

மாட்டிக்கொண்டவர் செய்யும் தவறு, நேரே கரையை நோக்கி நீந்துவது. நீரோட்டம் ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். களைப்புதான் கொல்கிறது. மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடைகிற பகுதிக்கு வந்தபின் கரைக்குத் திரும்புங்கள். இன்னொரு தவறு, பிள்ளையைக் காப்பாற்ற அப்பா வெறுங்கையோடு குதிப்பது. உயிர்காப்பாளரைக் கூப்பிட்டுக்கொண்டே மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள். மூடிய ஐஸ் பெட்டி கூட ஆளைத் தாங்கும்.

சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் அங்கே இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர்கள் காலை 10 முதல் மாலை 6 வரைதான் இருப்பார்கள். பார்க்கிங் கிடைக்க எட்டு மணிக்கே வருவது நல்ல யோசனை. ஆனால் பத்து மணி வரை பிள்ளைகள் மணலோடு நிற்கட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தூரத்து வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் அலைகள் இந்தக் கரையில் வந்து மோதும். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, அலை மட்டும் ஆளுயரம் எழும். கிளம்பும் முன் வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள்.

அடுத்தது காலியான நிழல். தென்னை மரத்தடி ஏன் காலியாக இருக்கிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். இதைவிட மோசம் மஞ்சினீல் மரம். பக்கத்துத் தீவான டொபாகோவிலும் கரீபியனின் பல கரைகளிலும் உண்டு. சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், வாசமும் நன்றாக இருக்கும். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே போதும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் அல்ல. ஓடை வந்து கடலில் சேருகிற முகத்துவாரமும் அப்படித்தான். ஆழமில்லாமல் குழந்தைகளுக்கு ஏற்றதாகத் தெரியும், ஆனால் மழைக்குப் பிறகு மலையடிவாரத்துக் கழிவெல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கும்.

மணலில் ஒதுங்கிக் கிடக்கும் நீலநிறக் குட்டி பலூனைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீஸ் மேன் ஆஃப் வார் என்கிற உயிரி அது, செத்துக் காய்ந்த பின்னும் கொட்டும். கொட்டினால் மணல் வைத்துத் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்து, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

மராக்கஸும் திருச்சியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. திருச்சி வெயில் சுடும்போதே தெரியும். இங்கே கடற்காற்று அதை மறைத்துவிடும், ராத்திரிதான் தோள்பட்டை எரியும். சன்ஸ்கிரீன் பூசுவதில் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 மில்லி வேண்டும், சிறுவருக்கு அதில் பாதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால், பெரியவர் இருவர், சிறுவர் இருவர் உள்ள குடும்பம் மூன்று தடவை பூச 270 மில்லி. 200 மில்லி புட்டி ஒன்று மாலையில் மிஞ்சுகிறதென்றால் யாரோ சரியாகப் பூசவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பூச வேண்டாம், நிழல்தான்.

பிள்ளைகளுக்கு நீல நிறத்திலோ வெள்ளையிலோ நீச்சலுடை வேண்டாம். நுரையில் கண்ணுக்கே தெரியாது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பிங்க் வாங்குங்கள். காரைவிட்டு இறங்கியதும் ஒரு போட்டோ எடுத்துவிட்டால், தொலைந்தால் என்ன உடுப்பு என்று யோசிக்க வேண்டியிருக்காது. ஆறு பெரியவர்கள் இருந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் யாருமே பார்ப்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள், அந்த நேரம் அவர் கையில் போன் கூடாது. பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள், கடைகளைப் பிறகு.

சாப்பாட்டுக்கு இரண்டு வழி. வீட்டில் செய்த பெலாவ் கொண்டுவந்தால் சுடச்சுடப் பானையோடு மூடித் துணி சுற்றி எடுத்து வந்து, மூடியைத் திறந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். கோழி போட்ட சோறு இந்த வெக்கையில் அதற்கு மேல் தாங்காது. குளிர்பானத்துக்குத் தனி ஐஸ் பெட்டி. அதைத்தான் நிமிடத்துக்கொரு தடவை திறப்பார்கள். இல்லை, பேக் அண்ட் ஷார்க் என்றால் பதினொன்றரைக்கே வரிசையில் நில்லுங்கள். பொரித்த ரொட்டிக்குள் சுறா மீனை வைத்துக் கொடுப்பார்கள். புளிச் சட்னி, பூண்டுச் சாஸ், ஷாடோ பெனி என்கிற கொத்தமல்லி வாசக் கீரையின் சாஸ் எல்லாம் நீங்களே ஊற்றிக்கொள்வது. பெப்பர் சாஸ் மட்டும் ஒரு சொட்டு தொட்டுப் பாருங்கள், நம்ம காரம் தின்ற தைரியம் இங்கே எடுபடாது. சுறா வேண்டாம் என்றால் வேறு மீன் வைத்தும் தருவார்கள்.

ஊருக்குத் திரும்ப மலையைச் சுற்றி ஒரே சாலை; நாலு மணிக்கு மேல் வண்டிகள் ஊரும். மூன்றுக்கே கிளம்புங்கள், அல்லது பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்டு ஆறரை வரை உட்கார்ந்திருங்கள். பேக் அண்ட் ஷார்க் தின்ற சூட்டோடு வண்டி ஏறினால் வளைவுகளில் வாந்தி நிச்சயம். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். பின் சீட்டில் பிளாஸ்டிக் பை நாலைந்து, கை எட்டுகிற இடத்தில்.